கண்ணாடிக்காரி யாரு ஆளு

ஆடித் தள்ளுபடிக்காக ஏற்றி, பிறகு இறக்கிக் காட்டிய விலைகளெல்லாம் தத்தம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அந்த நாலு மாடி ஜவுளிக் கடையின் வாசல் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்பது வருஷமாகக் கல்யாணப் பட்டு கட்டிக்கொண்டு நின்ற பொம்மை, காலை ஒன்பதேகாலுக்குத் தன் பீடத்தை விட்டு இறங்கி, வேலைக்காரர்களுக்கு லிப்ட் கிடையாது என்ற விதியை மதித்துப் படி வழியாகவே ஏறி, இரண்டாம் மாடியில் காட்டன் சேலைப் பிரிவுக்கு வந்து, கவுண்டருக்குப் பின்னால் ஆள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, முந்தின நாள் யாரோ கலைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற முப்பிடாதிக்கு உடம்பு சிலிர்க்கவும் இல்லை, நாக்கு உலரவும் இல்லை. இவளை யார் அனுப்பி வைத்திருப்பார்கள் என்ற யோசனைதான் முதலில் வந்தது.

அப்படி யோசிக்கக் காரணம் இருந்தது. இரண்டாம் மாடி சூப்பர்வைசர் இசக்கியம்மாள் அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு சங்கரன்கோவிலில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவதாக இருந்தாள். போகிறவள் தன் பின்னால் விட்டுவிட்டுப் போவது ஒரு பதவியை என்று வெளியாட்கள் நினைக்கலாம். இரண்டாம் மாடியில் நிற்கிற இருபத்திரண்டு பெண்களுக்குத் தெரியும், அவள் விட்டுவிட்டுப் போவது தூணோரமாகக் கிடக்கிற ஒரு ஸ்டூலை. நீல ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கிற, ஒரு கால் குட்டையான இரும்பு ஸ்டூல் அது. அந்தக் கடையில் காலை ஒன்பதேகாலிலிருந்து இரவு கடை அடைக்கிற வரைக்கும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது, அலமாரியில் சாயக் கூடாது, ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பதுகூடக் கேமராவில் தெரிந்தால் கேள்வி வரும். உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று சட்டம் வந்தபோது கடையில் எட்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கினார்கள்தான். வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, குடோனில் பரண் மேல் வைத்தார்கள். அதிகாரி வருகிற அன்று அவை இறங்கும், அதிகாரி போனதும் ஏறும். மற்றபடி ஒரு மாடிக்கு ஒரு ஸ்டூல், அது சூப்பர்வைசருக்கு.

முப்பிடாதிக்கு வயது நாற்பத்தொன்று, அந்தக் கவுண்டரில் பதினோரு வருஷம். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் நரம்புகள் சுருண்டு புடைத்து, மாலை நேரமானால் செருப்பு வார் சதைக்குள் புதைந்துவிடும். பெரியாஸ்பத்திரி டாக்டர் அவள் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "உக்காந்து பாக்குற வேலையாப் பாருமா. இல்லேன்னா புண்ணாயிரும்" என்று சொல்லி அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார். அன்றையிலிருந்து ஆறு மாதமாக அவள் அந்த ஸ்டூலைக் குறிவைத்து நடந்தாள். வார விடுமுறையை எடுக்கவில்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தண்ணீரைக் குறைத்தாள். மேனேஜர் சங்கரபாகம் சாருக்கு டீ வாங்கப் போகிறவனைக் கூப்பிட்டு, "சாருக்குச் சீனி கம்மி" என்று சார் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். சாருடைய மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். ஆட்டம் நினைவில்லை, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அவளுக்குச் சமமாக அந்த மாடியில் இன்னொருத்தி உண்டென்றால் அது ஜெபக்கனிதான். முப்பிடாதி சேர்ந்து எட்டு நாள் கழித்து வந்து சேர்ந்தவள். ஒரே கவுண்டர், ஒரே சாப்பாட்டுத் தூக்கு, விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாய். கேமரா இல்லாத ஒரே இடமான குடோனில், மத்தியானம் சரக்கு எடுக்கப் போகிற சாக்கில், ஒருத்தி சேலைக் கட்டின் மேல் ஐந்து நிமிஷம் உட்காருவாள், மற்றவள் கதவுப் பக்கம் நின்று காவல் பார்ப்பாள். யாராவது வந்தால் காவல்காரி இரண்டு தடவை இருமுவாள், உட்கார்ந்தவள் எழுந்து எதையாவது எண்ணுவாள். பதினோரு வருஷத்தில் அந்த இருமல் ஒருநாளும் பிசகியதில்லை. இசக்கியம்மாள் போகப் போகிறாள் என்று தெரிந்த அன்று, "யாருக்குக் கெடச்சாலும் மத்தவளுக்கு அஞ்சு நிமிஷம் ஸ்டூலக் குடுத்துரணும், என்னட்டி" என்று ஜெபக்கனி சொன்னாள். முப்பிடாதியும் சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

இந்த நேரத்தில்தான் பொம்மை படியேறி வந்து நின்றது.

கண்ணாடிக்குப் பின்னால் நின்றவள் என்பதால் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் விழுந்தது. ஐந்து விரலும் ஒட்டிப் பிறந்த கையால் அவள் மடிக்கிற மடிப்பில் ஒரு சுருக்கம் விழாது. வாடிக்கையாளர் ஒரு சேலையைத் தொட்டால் போதும், அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நிற்பாள், வந்தவர்கள் தாங்கள் கட்டினாலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி எடுத்துக்கொண்டு போவார்கள். கயத்தாற்றிலிருந்து கல்யாணத்துக்கு எடுக்க வந்த ஒரு கூட்டம், "இந்தப் பிள்ளை தொணதொணன்னு பேசாம எவ்வளவு மரியாதையா எடுத்துப் போடுது பாருங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டே போனது. வருகைப் பதிவு மிஷினில் அவள் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பதினோரு வருஷம் சேலை மடித்ததில் முப்பிடாதியின் ரேகையும் தேய்ந்து மிஷினுக்கு அகப்படாமல் போய்விட்டிருந்தது. அதற்கென்று சங்கரபாகம் ஒரு நோட்டு வைத்திருந்தார். அந்த நோட்டில் முப்பிடாதி கையெழுத்துப் போட, கீழே கண்ணாடிக்காரி ஒரு கோடு இழுத்தாள். வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன் நடக்கிற பூஜையிலும் வரிசையில் நின்று விபூதி வாங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதில் படி இறங்கி ஏறப் பத்து நிமிஷம் போக மிச்சத்தில் அவளைப் பற்றியே பேச்சு.

"பேயா இருந்தா சமாளிச்சுக்கிடலாம்ட்டி. ஒரு வேப்பிலை அடிச்சா போயிரும்" என்றாள் சுடிதார்ப் பிரிவு ஆவுடையம்மாள், ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே. "சிபாரிசுல வந்தவளா இருந்தா என்ன செய்ய?"

"யாரு சிபாரிசு?"

"அதைத்தான நானும் கேக்கேன். யாரு ஆளு அவ?"

கடை முதலாளி அண்ணாச்சியின் சம்சாரத்து வழியில் தூரத்துச் சொந்தம் என்றாள் ஒருத்தி. நிறத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றாள். மேனேஜர் வைத்த ஆள், கேமராவுக்கு எட்டாத இடத்தையெல்லாம் அந்த வரைந்த கண்ணால் பார்த்துப் போய்ச் சொல்லுகிறாள் என்றாள் இன்னொருத்தி. எதிர்க்கடைக்காரன் அனுப்பிய ஆள் என்றும் ஒரு கட்சி இருந்தது. பொம்மை எப்படி நடக்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மேலே யாராவது கைகொடுத்தால் எதுவும் நடக்கும் என்பது அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஐந்தாம் வகுப்பு தாண்டாத அண்ணாச்சி மச்சினன் அங்கே கணக்கு ஆபீசராக இருக்கவில்லையா. இரண்டாம் வாரத்தில் விடுதியில் ஒருத்தி குடத்தில் ஒருத்தி தண்ணீர் எடுப்பது நின்றது. யார் யாரோடு பேசுகிறார்கள், யார் வந்ததும் பேச்சு நிற்கிறது என்று இருபத்திரண்டு பேரும் இருபத்தொரு பேரைக் கவனித்தார்கள்.

முப்பிடாதிக்கு வந்த சந்தேகம் ஊராருடையதைவிடப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோறும் வாசல் பொம்மைக்குச் சேலை மாற்றிக் கட்டிவிடுவது யார்? ஜெபக்கனி. முந்தானையைத் தோளில் ஊக்குப் போட்டுக் குத்தும்போது பொம்மையின் காதோரம் குனிவது யார்? அதுவும் ஜெபக்கனி. வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு உதட்டை அசைக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தாள். இப்போது யோசித்துப் பார்த்தால், அத்தனை அசைவு ஊக்குக்கு வேண்டியதில்லை. ஒன்பது வருஷம் வாரா வாரம் காதில் ஓதினால் கல்லும் கரையும், பொம்மை இறங்கி வராதா? தன் ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, விற்பனையைத் தன் பேரில் ஏற்றிக்கொண்டு, மாதக் கடைசியில் ஸ்டூலில் போய் உட்காரப் பார்க்கிறாள். இப்படி நினைத்த பிறகு ஜெபக்கனி சிரித்தால் அதில் ஒன்று தெரிந்தது, சிரிக்காவிட்டால் அதில் இன்னொன்று தெரிந்தது.

ஜெபக்கனியும் சும்மா இல்லை. ஒருநாள் மத்தியானம், கண்ணாடிக்காரி மடித்து வைத்த சேலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பார்டர் வெளிய தெரிய மடிக்கது உன் மடிப்புல்லா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இந்தக் கடையிலயே உனக்கு மட்டுந்தான் அந்த மடிப்பு வரும். இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எனக்கென்ன தெரியும்? காதுல ஓதுனவங்களத்தான் கேக்கணும்."

ஜெபக்கனி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "என்னட்டி சொல்லுத?" என்றாள். கண்ணாடிக்காரி இருவருக்கும் நடுவில் நின்று இன்னொரு சேலையைப் பார்டர் வெளியே தெரியும்படி மடித்து வைத்தாள்.

அன்றைக்கும் தூக்கில் சோறு பங்கு போட்டுத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் முப்பிடாதி தன் கறியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். விடுதியில் படுத்தபோது ஜெபக்கனியின் பாய் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. தள்ளிப் போட்டது அவளா, தானா என்று முப்பிடாதிக்கு விளங்கவில்லை.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது குடோனில் அது நடந்தது. ஜெபக்கனி உட்காருகிற முறை. சுங்குடிச் சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். முப்பிடாதி கதவோரம் நின்றாள். படியில் சங்கரபாகத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பதினோரு வருஷப் பழக்கம், இடது செருப்பு மட்டும் தேய்த்து வரும். தொண்டைக்குள் இருமல் தானாக எழுந்து வந்தது. முப்பிடாதி அதை விழுங்கினாள். எச்சிலை விழுங்குவதுபோல ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான். அவர் தேய்த்துத் தேய்த்து வந்தார், அவளைக் கடந்தார், உள்ளே போனார்.

"என்னம்மா, வீட்டு வாசல்னு நெனப்பா?" என்றார் சங்கரபாகம். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடாதபோதுதான் அவர் மேலே எழுதிக் கொடுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாளே ஜெபக்கனியைக் கீழே வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். வாசல் வேலை என்றால் நாள் முழுக்கக் கண்ணாடிக் கதவோரம் நின்று, உள்ளே வருகிற அத்தனை பேருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லி, எந்தச் சரக்கு எந்த மாடி என்று சொல்ல வேண்டும். இளவட்டப் பெண்களே ஒரு மாதத்தில் அழுதுகொண்டு ஊருக்குப் போய்விடுகிற வேலை அது. படி இறங்கும்போது ஜெபக்கனி முப்பிடாதியின் பக்கத்தில் நின்று, "ஏட்டி, உனக்குத் தொண்ட சரியில்லையா?" என்று கேட்டாள். விசாரித்தாளா, குத்திக் காட்டினாளா என்று முகத்தில் தெரியவில்லை. முப்பிடாதி, "லேசா சளி" என்றாள்.

அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடக் கால்வலி பெரிதாக இருந்தது. தவிர, ஜெபக்கனி மட்டும் என்ன யோக்கியம், பொம்மையை இறக்கி விட்டவள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. இனி மாடியில் தன்னை மிஞ்ச ஆளில்லை. சங்கரபாகம் சாரும் அன்றைக்கு டீயை வாங்கிக்கொண்டு, "பாப்போம் முப்பிடாதி, அண்ணாச்சி காதுல போட்டிருக்கேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு அண்ணாச்சியே வந்தார். கற்பூரம் காட்டி முடிந்ததும், நெற்றி நிறைய விபூதியோடு எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"மூணு வாரமா நான் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த மாடியில ஒரு ஆளு இதுவரைக்கும் உக்காரல, சாயல, தண்ணி குடிக்கல, பாத்ரூம் போகல, லீவு கேக்கல, பக்கத்துல நிக்கவகிட்ட ஒரு வார்த்தை பேசல. இப்படி ஒரு ஆளு கெடைக்கதுக்கு நான் முப்பது வருஷமாத் தவங் கெடந்தேன்" என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பிறகு இசக்கியம்மாளின் சாவிக் கொத்தை வாங்கிக் கண்ணாடிக்காரியின் ஒட்டிப் போன விரல்களில் மாட்டிவிட்டார்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஆவுடையம்மாள் கைதட்டிக்கொண்டே, "நான் சொல்லல, அண்ணாச்சி வீட்டு ஆளு" என்று பக்கத்தில் கிசுகிசுத்தாள். முப்பிடாதியும் தட்டினாள். தட்டத் தட்ட அவளுக்குள் ஒன்று இடறியது. கண்ணாடிக்காரி ஜெபக்கனியின் ஆளாக இருந்திருந்தால், ஜெபக்கனியை வாசலுக்கு அனுப்ப விட்டிருப்பாளா? இந்தக் கேள்வி நாலு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அப்புறம் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரி தூணோரம் போனாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் உட்காரவில்லை, உட்கார முடியாது. அவளைச் செய்தவர்கள் முழங்காலுக்கு மடிப்பு வைக்கவில்லை. படியேறும்போதே காலை வளைக்காமல் பக்கவாட்டில் எடுத்து எடுத்துத்தான் வைப்பாள். இசக்கியம்மாள் இத்தனை வருஷம் உட்கார்ந்த, முப்பிடாதி ஆறு மாதம் கண் வைத்துக் காத்திருந்த ஸ்டூல், அன்றைக்கு முழுக்க ஆள் இல்லாமல் கிடந்தது.

மறுநாள் மாலை, கூட்டம் குறைந்த நேரத்தில், முப்பிடாதி வலது காலைத் தூக்கி இடது கெண்டையில் தேய்த்துக்கொண்டு நின்றபோது, சாவிக் கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முப்பிடாதியின் பின்னால், அவள் உட்கார்ந்தால் சரியாக உட்காரும் தூரத்தில் வைத்தாள். ஒட்டிய விரல்களால் ரெக்சினை இரண்டு தடவை தட்டிக் காண்பித்தாள்.

முப்பிடாதி முதலில் பார்த்தது கேமராவை. அது நேராக இந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஓகோ, இதுதானா விஷயம் என்று நினைத்தாள். உட்கார வைத்துப் பிடித்துக் கொடுக்க வந்திருக்கிறாள். ஒருத்தி போயாயிற்று, அடுத்தது நான். தான் செய்ததைத்தான் மற்றவர்களும் செய்வார்கள் என்று மனுஷர் எண்ணுகிறார்கள்.

"வேண்டாம், நான் நின்னுக்கிடுதேன்" என்றாள். சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூணோரம் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாளும் கண்ணாடிக்காரி கொண்டுவந்து வைத்தாள். முப்பிடாதி திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள். மூன்றாம் நாள் காலில் ஒரு நரம்பு வெடித்து ரத்தம் பாவாடை விளிம்பில் ஒட்டியிருந்தது. அன்றைக்குக் கண்ணாடிக்காரி ஸ்டூலை வைத்ததோடு நிற்காமல், தன் உடம்பைக் கேமராவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் கொண்டுவந்து, தோளில் ஒரு அகலமான சேலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தச் சேலைக்குப் பின்னால் ஒரு ஆள் தாராளமாக உட்கார்ந்து எழலாம், ஒருவருக்கும் தெரியாது. முப்பிடாதி அந்த முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக வாசலில் எல்லாரையும் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கூடப் படுத்துக் கூடச் சாப்பிட்டவள் மனசே தெரியாதபோது பொம்மை மனசு தெரிந்துவிடுமா?

"யாரு ஆளு நீ?" என்று கேட்டாள். "எதுக்கு எனக்கு ஸ்டூலு போடுத?"

கண்ணாடிக்காரி விரித்த சேலையோடு நின்றுகொண்டே இருந்தாள். முப்பிடாதி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கடை அடைக்கிற வரைக்கும் நின்றாள். ஒரு தடவை கால் தானாக மடங்கப் பார்த்தது. அப்போதும் உட்காரவில்லை.

நாலாம் நாள் காலையில் சங்கரபாகம் வந்தார். "அண்ணாச்சி சொல்லிட்டாரு. சூப்பர்வைசரே உக்காரல, உக்காரச் சொன்னாலும் மத்தவளும் உக்காரல, அப்புறம் எதுக்கு எடத்த அடச்சுக்கிட்டு? நாலு மாடியிலயும் எடுத்துரச் சொல்லிட்டாரு" என்றார். முப்பிடாதியைப் பார்த்து, "உன்னையத்தான் ரொம்பப் பெருமையாச் சொன்னாரு" என்றும் சொன்னார். இரண்டு பையன்கள் வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டூல் கிடந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருந்தது. மூன்றாம் மாடி சூப்பர்வைசர், அறுபது வயதுக்காரி, படிக்கட்டில் நின்று வாய்விட்டுத் திட்டியது இரண்டாம் மாடி வரை கேட்டது. யாரைத் திட்டுகிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது, எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். பொம்மையும் அவளும் ஒரே கூட்டு, நோட்டில்கூட மேலும் கீழுமாகத்தான் கையெழுத்து என்று மத்தியானத்துக்குள் பேச்சு பரவிவிட்டது.

அன்றைக்கு அவள் தனியாகக் குடோனுக்குப் போனாள். சுங்குடிக் கட்டு அங்கேயேதான் கிடந்தது. உட்காரலாம் என்று குனிந்தாள். கதவோரம் யாரும் இல்லை. குனிந்த வாக்கிலேயே காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், ஒவ்வொரு சத்தமும் தேய்கிற செருப்பாகவே கேட்டது. உட்காராமலே நிமிர்ந்து வெளியே வந்தாள். அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவுண்டருக்குப் போகாமல் கீழே இறங்கினாள்.

வாசலில் ஜெபக்கனி நின்றாள். கடை கொடுத்த மெரூன் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் சந்தனம். வேதக்காரி அவள், சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் வாசல் வேலைக்குச் சந்தனம் உண்டு. இடுப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, முழங்காலை விறைத்து நின்றாள், வலியைக் குதிகாலுக்குத் தள்ளுகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

"ஏட்டி" என்றாள் முப்பிடாதி. "ஸ்டூலத் தூக்கிட்டாவ."

ஜெபக்கனி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு எனக்குச் சளியெல்லாம் ஒண்ணுமில்ல. தொண்ட நல்லாத்தான் இருந்துச்சு. அவரு வந்தது எனக்குக் கேட்டுச்சு ஜெபக்கனி." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இன்னும் இரண்டு வார்த்தை வைத்திருந்தாள், அவை வரவில்லை.

ஜெபக்கனி மெதுவாகத் திரும்பினாள். முப்பிடாதியை உச்சி முதல் கால் வரை, பாவாடை விளிம்பில் காய்ந்திருந்த ரத்தம் வரை, நிதானமாகப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பினாள். முகத்தில் அந்த வாசலுக்கென்று பழக்கிக் கொடுத்த சிரிப்பு வந்தது.

"வாங்க, வணக்கம்" என்றாள். "காட்டன் சேலை ரெண்டாவது மாடிங்க."